எஸ்ஐ-ஆர்என்ஏவில் தெரியும் விளைவு கிரிஸ்பர் நாக்அவுட்டில் காணோம். எதை நம்புவது?

யஷ்வந்த்பூர்வாசி (பெங்களூரு)

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூருவில் ஒரு செல் பயாலஜி ஆய்வகத்தில் பிஎச்டி செய்கிறேன். சென்ட்ரோசோமில் (செல் பிரிவுக்கான இழைகளை ஒழுங்குபடுத்தும் உறுப்பு) இருக்கும் ஒரு புரதத்துக்கு என்ன வேலை என்று கண்டுபிடிப்பதுதான் என் தலைப்பு. இன்னும் வெளிவராத வேலை என்பதால் மரபணுவின் பெயரை இங்கே போட முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். செல் வகை ஹெச்டெர்ட்-ஆர்பிஇ1 (சுருக்கமாக ஆர்பிஇ1), மனித விழித்திரை நிறமி அடுக்கிலிருந்து வந்த செல்கள்.

முதலில் எஸ்ஐ-ஆர்என்ஏ (புரதம் உருவாவதைத் தடுக்கும் குட்டி ஆர்என்ஏ) வைத்து நாக்டவுன் செய்தேன், அதாவது புரதத்தின் அளவைக் குறைத்தேன். இரண்டு வெவ்வேறு வரிசைகள். இரண்டிலும் 72 மணி நேரத்தில் வெஸ்டர்னில் (ஆன்டிபாடி வைத்துப் புரதத்தைப் பட்டையாகப் பார்க்கும் சோதனை) புரதம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது, மைட்டோசிஸ் (செல் பிரிவு) இழுத்துக்கொண்டே போகிறது, மெட்டாஃபேஸ் தட்டு (குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்பது) அமைவதற்கே செல்கள் திணறுகின்றன. சரி, இதை உறுதிப்படுத்தலாம் என்று மரபணுவையே வெட்டி உடைக்கும் (நாக்அவுட்) கிரிஸ்பருக்குப் போனேன். மரபணுவின் இரண்டாவது எக்ஸானில் (புரதத்துக்கான குறியீட்டுத் துண்டு) கைடு ஆர்என்ஏ (வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டுவது), ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்தெடுத்த குளோன்கள், சீக்வென்ஸ் பார்த்தால் ஃப்ரேம்ஷிஃப்ட் (எழுத்துகள் நழுவி அதன் பின் குறியீடு கெட்டிருக்கிறது), வெஸ்டர்னில் பட்டையே இல்லை. ஆனால் செல்கள் எந்தக் குறையும் இல்லாமல் வளர்கின்றன.

லேப் மீட்டிங்கில் இப்போது இரண்டு கட்சி. எஸ்ஐ-ஆர்என்ஏ வேறு ஏதோ மரபணுவை அடித்திருக்கிறது, அந்த முடிவைத் தூக்கிப் போடு என்கிறது ஒன்று. நாக்அவுட் செல்கள் புரதம் இல்லாமல் வாழப் பழகிவிட்டன, நாக்டவுன்தான் உண்மையைக் காட்டுகிறது என்கிறது மற்றொன்று. எங்கள் மேடம் இரண்டையும் கேட்டுவிட்டு, "ஆதாரத்தோடு வா" என்று சொல்லிவிட்டார். இப்படி மாட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த முறையை நம்பி மேலே போவது? செய்வதற்கு இருக்கும் பணமும் ஆளும் குறைவு என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பழஈக்காரி (பெங்களூரு)

தம்பி, இந்த இரண்டு முறையும் உங்கள் செல்லிடம் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. அதனால் எது சரி என்று ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். எஸ்ஐ-ஆர்என்ஏ தொடுவது எம்ஆர்என்ஏவை (புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்) மட்டும், மரபணு அப்படியே இருக்கிறது. சுமார் 21 எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டின் ஓர் இழை ஆர்கோநாட் புரதத்தில் ஏறிக்கொண்டு, தனக்கு ஜோடி சேரும் எம்ஆர்என்ஏவை வெட்டுகிறது. ஏற்கெனவே உருவான புரதம் தானாகச் சிதையும் வரை வேலை செய்துகொண்டுதான் இருக்கும், ஆகவே நீங்கள் பார்ப்பது சில நாட்களுக்கு மட்டும் புரதம் குறைந்திருக்கும் ஒரு செல்லை. கிரிஸ்பரில் காஸ்9 என்ற நொதி டிஎன்ஏவையே வெட்டுகிறது, செல் அதை ஒட்டும்போது சில எழுத்துகள் விழும் அல்லது புதிதாகச் சேரும், அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாமே அதைச் சுமக்கும். அதாவது நிரந்தரமாக, அறவே இல்லை. அதோடு, குளோன் வளர்ந்து நீங்கள் அளந்து பார்க்கும் நேரத்தில் அந்தச் செல்கள் புரதம் இல்லாமல் வாரக்கணக்கில் வாழ்ந்து முடித்திருக்கும்.

எஸ்ஐ-ஆர்என்ஏ மேல் சந்தேகப்படுபவர்கள் சும்மா சொல்லவில்லை. அந்த 21 எழுத்தில் 2 முதல் 8 வரையிலான பகுதி மட்டும் பொருந்தினாலே போதும், அது மைக்ரோஆர்என்ஏ (செல்லே உருவாக்கும், எம்ஆர்என்ஏக்களை அடக்கும் சிறு ஆர்என்ஏ) போல நடந்துகொண்டு சம்பந்தமே இல்லாத எம்ஆர்என்ஏக்களையும் அடக்கும். மைட்டோசிஸ் ஆய்வில் இது நன்றாகவே தெரிந்த விஷயம். ஸ்பிண்டில் செக்பாயிண்ட் (குரோமோசோம்கள் சரியாக இணையும் வரை பிரிவை நிறுத்தி வைக்கும் காவல்) மரபணுக்களைத் தேடி, பல மரபணுக்களை எஸ்ஐ-ஆர்என்ஏ போன்றவற்றால் ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்த ஆர்என்ஏஐ ஸ்கிரீன்களில் கிடைத்த பல முடிவுகளுக்குப் பின்னால், குறி வைக்காத மேட்2 என்ற செக்பாயிண்ட் மரபணு தவறுதலாக அடக்கப்பட்டதுதான் இருந்தது என்று 2012இல் காட்டினார்கள். மேட்2 போனால் மைட்டோசிஸ் சீக்கிரம் முடியும், உங்களுக்கு நடப்பது அதற்கு நேர் எதிர், ஆகவே அதே பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வரிசை ஒரே விளைவைத் தந்துவிட்டது என்பதை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

மெல்க் என்ற மரபணுவின் கதை தெரியுமா? மெல்க் இல்லாமல் மும்மை எதிர் (டிரிப்பிள் நெகட்டிவ்) மார்பகப் புற்று செல்கள் பிழைக்காது என்று ஆர்என்ஏஐ ஆய்வுகள் சொல்லின, அதைக் குறிவைத்த ஓடிஎஸ்167 என்ற மருந்து நோயாளிகளிடம் சோதனை வரை போய்விட்டது. 2017இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் கிரிஸ்பர் வைத்து மெல்க்கை எடுத்துப் பார்த்தால் செல்கள் எப்போதும் போல வளர்கின்றன. மெல்க் இல்லாத செல்லையும் அந்த மருந்து அதே அளவு கொல்கிறது! இலக்கே இல்லாத இடத்திலும் மருந்து வேலை செய்தால் அது வேறு எதையோ அடிக்கிறது என்றுதானே பொருள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது, ஏனென்றால் ஒரே கேள்வியில் விஷயத்தை முடித்துவிடுகிறது.

அதையே நீங்களும் செய்யுங்கள். உங்கள் நாக்அவுட் குளோனிலேயே அதே எஸ்ஐ-ஆர்என்ஏவைப் போடுங்கள். குறைப்பதற்குப் புரதமே இல்லாத செல்லிலும் மைட்டோசிஸ் இழுத்தால் எஸ்ஐ-ஆர்என்ஏ மேல்தான் குற்றம். இழுக்காவிட்டால் உங்கள் எஸ்ஐ-ஆர்என்ஏ நியாயமானது, குளோன்தான் ஏதோ ஈடு செய்துகொண்டிருக்கிறது. கையில் இருக்கும் பொருளை வைத்தே செய்யலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கூடவே சி911 கன்ட்ரோல் ஒன்று வாங்க முடிந்தால் நல்லது: அதே எஸ்ஐ-ஆர்என்ஏவில் 9, 10, 11ஆம் எழுத்துகளை மட்டும் மாற்றியது. அது உங்கள் மரபணுவை வெட்டாது, ஆனால் 2 முதல் 8 வரையிலான பகுதி அப்படியே இருப்பதால் தவறான இலக்குகளை மட்டும் அடிக்கும். செறிவையும் 10 நானோமோலாருக்கு இறக்கிப் பாருங்கள், பலர் பழக்கத்தில் 50, 100 என்று கொட்டுகிறார்கள்.

மாட்டுங்காவாசி (மும்பை)

அக்கா சொன்ன சோதனையைத்தான் நானும் முதலில் சொல்லியிருப்பேன். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் செய்தால் எஸ்ஐ-ஆர்என்ஏ மேல் அநியாயமாகப் பழி விழும்.

வெஸ்டர்னில் பட்டை இல்லை என்றால் புரதம் இல்லை என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். உங்கள் ஆன்டிபாடி புரதத்தின் எந்தப் பகுதியைப் பிடிக்கிறது? இரண்டாவது எக்ஸானில் ஃப்ரேம்ஷிஃப்ட் விழுந்தால் செல் அந்த எக்ஸானையே தாண்டி மற்றவற்றை ஸ்ப்ளைஸ் செய்துவிடலாம் (ஒட்டிவிடலாம்), அல்லது கீழே இருக்கும் இன்னொரு ஏடிஜியிலிருந்து (புரதம் தொடங்கும் எழுத்துக்குறி) மொழிபெயர்க்கலாம், அப்போது முனை மட்டும் வெட்டுப்பட்ட, ஆனால் வேலை செய்யக்கூடிய புரதம் வரும். இது அபூர்வம் இல்லை. 2019இல் ஹாப்1 என்ற மனித செல்களில் 136 மரபணுக்களின் நாக்அவுட்டுகளை வரிசையாகச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கில் ஏதோ ஒரு வடிவத்தில் புரதம் மிச்சம் இருந்தது, அதில் சில பாதி வேலையாவது செய்தன. அப்படி ஒரு குளோனில் எஸ்ஐ-ஆர்என்ஏவைப் போட்டால் அது மிச்சமிருக்கும் எம்ஆர்என்ஏவைத்தான் அடிக்கும், விளைவு மறுபடி தெரியும், நீங்கள் அதைத் தவறான இலக்கு என்று எழுதிவிடுவீர்கள். ஆகவே முதலில் குளோனின் ஆர்என்ஏவை எடுத்து, முதல் எக்ஸானிலிருந்து கடைசி எக்ஸான் வரை ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்குவது) செய்து, என்ன நீளத்தில் வருகிறது என்று பாருங்கள். வேறு முனையைப் பிடிக்கும் ஆன்டிபாடி கிடைத்தால் அதையும் ஓட்டுங்கள்.

டிஎன்ஏ பக்கமும் ஒரு கேள்வி. சீக்வென்ஸில் இரண்டு அல்லீலும் (தாய், தந்தை வழி வந்த இரு பிரதிகள்) ஒரே மாதிரி தெரிகிறதா? அப்படியானால் சந்தேகப்படுங்கள். காஸ்9 வெட்டிய இடத்தில் ஆயிரக்கணக்கான எழுத்துகள் மொத்தமாக விழுந்துபோவதும் உண்டு, 2018இலேயே அதைக் காட்டிவிட்டார்கள். பிசிஆர் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கும் டிஎன்ஏ துண்டு) உட்காரும் இடமே போய்விட்டால் அந்த அல்லீல் உங்கள் கண்ணுக்குப் படாது, மற்றதை மட்டும் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். நீங்கள் வைத்திருப்பது ஆர்பிஇ1. இதில் பி53 (பழுது கண்டால் செல்லைப் பெருகவிடாமல் நிறுத்தும் புரதம்) முழுசாக வேலை செய்கிறது. காஸ்9 வெட்டினாலே பி53 விழித்துக்கொண்டு செல்லை நிறுத்தப் பார்க்கும், 2018இல் வந்த ஆய்வு ஒன்று இதை ஆர்பிஇ1இலேயே காட்டியது. அதற்கு மேல் உங்கள் மரபணு சென்ட்ரோசோம் சம்பந்தப்பட்டது. ஆர்பிஇ1 செல் மைட்டோசிஸில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு மேல் சிக்கிக்கொண்டால், அது பிரிந்து முடித்தாலும் மகள் செல்கள் அடுத்த சுற்றுக்குள் போகாமல் நின்றுவிடும். 53பிபி1, யுஎஸ்பி28, பி53 என்ற மூன்று புரதங்களும் சேர்ந்து அந்த நேரத்தைக் கணக்கு வைக்கின்றன. யோசித்துப் பாருங்கள், உங்கள் எஸ்ஐ-ஆர்என்ஏ விளைவு உண்மையாக இருந்தால், நாக்அவுட் ஆன செல்களில் பெரும்பாலானவை குளோனாக வளர்ந்திருக்கவே முடியாது. 96 குழித் தட்டில் பெருகி உங்கள் கைக்கு வந்தவை எல்லாம் ஏதோ ஒரு வழியில் தப்பித்தவை: பி53 பாதையை உடைத்துக்கொண்டவை, அல்லது புரதத்தை மிச்சம் வைத்துக்கொண்டவை, அல்லது வேறு ஏதாவது. நட்லின் (பி53ஐத் தூண்டும் மருந்து) போட்டு, பி53 ஏற்றிவிடும் பி21 புரதம் ஏறுகிறதா என்று பார்த்தால் பி53 உயிரோடு இருக்கிறதா என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிடும். ஆனால் யுஎஸ்பி28 போயிருந்தால் நட்லின் சோதனையில் பிடிபடாது, மைட்டோசிஸைச் செயற்கையாக நீட்டிவிட்டு மகள் செல்கள் நிற்கின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இதனால் கேட்கிறேன்: நாக்அவுட்டில் நீங்கள் அளந்தது வளர்ச்சியையா, மைட்டோசிஸ் எடுக்கும் நேரத்தையா? பி53 பாதை உடைந்த செல் மைட்டோசிஸில் மெதுவாக இருந்துகொண்டே நன்றாக வளரும். இரண்டும் ஒன்று இல்லை.

செல்கள் பழகிவிட்டன என்கிற கட்சிக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது, அதை வெறும் சால்ஜாப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிக்குதிரை மீனில் இஜிஎஃப்எல்7 மரபணுவை மார்ஃபோலினோ (எம்ஆர்என்ஏவைத் தடுக்கும் செயற்கைத் துண்டு) வைத்து அடக்கினால் ரத்தக்குழாய் கெட்டுப்போகிறது, மரபணுவையே உடைத்த மீனில் பெரிதாக ஒன்றுமில்லை. 2015இல் அந்தக் குழு உடைந்த மீனுக்குள்ளேயே மார்ஃபோலினோவைச் செலுத்திப் பார்த்தது, மீனுக்கு எதுவும் ஆகவில்லை. அக்கா சொன்ன அதே சோதனை! உடைந்த மீனில் அதற்கு ஒத்த வேலை செய்யும் வேறு மரபணுக்கள் ஏறியிருந்தன. பிறகு 2019இல் காரணமும் கிடைத்தது: ஃப்ரேம்ஷிஃப்ட்டால் பழுதான எம்ஆர்என்ஏ சிதையும்போது, அதற்கு வரிசை ஒத்த மரபணுக்கள் தூண்டப்படுகின்றன. எம்ஆர்என்ஏவே உருவாகாத மாதிரி புரோமோட்டரையோ (மரபணுவைப் படியெடுக்கத் தொடங்க உதவும் பகுதி) முழு மரபணுவையோ வெட்டி எடுத்தால் இந்தத் தூண்டல் நடப்பதில்லை. ஆகவே புரோமோட்டரின் இரு பக்கமும் ஒவ்வொரு கைடு ஆர்என்ஏ வைத்து இன்னொரு வகைக் குளோன் எடுங்கள். அதில் மட்டும் மைட்டோசிஸ் இழுத்தால் உங்கள் மேடம் கேட்ட ஆதாரம் அதுதான்.

யஷ்வந்த்பூர்வாசி

இரண்டு பேருக்கும் நன்றி. ஆன்டிபாடி புரதத்தின் முன் முனைக்கு எதிரானது, எனவே பின் முனைத் துண்டு ஒன்று மிச்சமிருந்தால் எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. நாக்அவுட்டில் இதுவரை பார்த்தது வளர்ச்சி வேகமும், பதப்படுத்திய செல்களில் மைட்டோசிஸ் எண்ணிக்கையும்தான். நேரடிப் பதிவுக்கு மைக்ராஸ்கோப் முறை கேட்டு எழுதிவிட்டேன். நட்லின் பக்கத்து ஆய்வகத்தில் இருக்கிறது.

இன்னொரு கேள்வி. டிஎன்ஏவை வெட்டாத டீகாஸ்9 வைத்து மரபணுவை அடக்கும் கிரிஸ்பர்ஐ, புரதத்தையே நேரடியாகச் சிதைக்கும் டெக்ரான், இவற்றில் ஒன்றில்தான் இறங்க முடியும் என்றால் எது? கிரிஸ்பர்ஐக்கு லென்டிவைரஸ் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வைரஸ்) வேண்டும், நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆர்.கே.புரம் (டெல்லி)

நான் தாவர ஆள், செல் பயாலஜி அரைகுறை. ஆனால் டெக்ரான் என்று கேட்டதும் சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் அது எங்கள் பக்கத்திலிருந்து போனது. ஆக்சின் என்ற தாவர ஹார்மோன் வந்ததும் டிஐஆர்1 என்ற புரதம் சில குறிப்பிட்ட புரதங்களைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பும். நெல்லின் டிஐஆர்1ஐ விலங்கு செல்லில் வைத்து, உங்கள் புரதத்தின் வாலில் டிஐஆர்1 பிடிக்கும் அடையாளத் துண்டை ஒட்டிவிட்டால், ஆக்சின் ஊற்றிய ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி புரதம் போய்விடும். 2009இல் ஜப்பானில் செய்து காட்டினார்கள். இப்போது ஏஐடி2 என்று திருத்திய வடிவம் இருக்கிறது, ஆக்சின் போடாதபோதே புரதம் கசிந்து குறைவது அதில் நன்றாகக் கட்டுப்பட்டுவிட்டது.

உங்கள் கேள்விக்கு இது பொருத்தம் என்று ஏன் நினைக்கிறேன் என்றால், செல் பழகுவதற்கு அவகாசமே கிடைக்காது. மைட்டோசிஸுக்குச் சற்று முன்பு புரதத்தை எடுத்துவிட்டு அதே செல்லைப் படம் பிடிக்கலாம். 72 மணி நேரம் காத்திருந்தால் முதலில் கெட்டது எது, அதனால் பிறகு கெட்டது எது என்று பிரிக்கவே முடியாது.

கிரிஸ்பர்ஐ மோசமில்லை. டிஎன்ஏவை வெட்டாது, அதனால் பி53 தொல்லை இல்லை. மாட்டுங்காவாசி சொன்ன பழுதான எம்ஆர்என்ஏ விவகாரமும் இல்லை, ஏனென்றால் எம்ஆர்என்ஏ உருவாகும் இடத்திலேயே தடுக்கிறது. ஆனால் கைடு ஆர்என்ஏ படியெடுத்தல் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில், சுமார் 50 எழுத்து மேலேயிருந்து 300 எழுத்து கீழே வரைக்குள் விழ வேண்டும். உங்கள் மரபணு பக்கத்து மரபணுவோடு ஒரே புரோமோட்டரைப் பகிர்ந்துகொண்டால் இரண்டும் சேர்ந்து அடங்கும். அதை ஜீனோம் பிரவுசரில் முதலில் பார்த்துவிடுங்கள்.

தாவரத்தில் எங்கள் கணக்கே வேறு. கோதுமையில் ஒவ்வொரு மரபணுவும் பெரும்பாலும் மூன்று ஜீனோமிலும் இருக்கும், மொத்தம் ஆறு அல்லீல். பொதுவான ஒரு பகுதிக்கு எதிராக ஒரே ஹேர்பின் ஆர்என்ஏ (மடிந்து இரட்டை இழையாகி மரபணுவை அடக்கும் ஆர்என்ஏ) கொடுத்தால் மூன்றும் சேர்ந்து அடங்கும், உடைக்க வேண்டுமானால் ஆறையும் உடைக்க வேண்டும். சீனாவில் 2014இல் எம்எல்ஓ மரபணுவின் மூன்று வடிவங்களையும் டேலன் (டிஎன்ஏவை வெட்டும் இன்னொரு கருவி) வைத்து உடைத்து, சாம்பல் நோயைத் தாங்கும் கோதுமையை எடுத்தார்கள் என்பதால் முடியாது என்றில்லை. ஆனால் ஒரு மரபணுவுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று சட்டென்று பார்க்க, வைரஸ் வழியாக அடக்கும் முறையைத்தான் நான் இன்றும் முதலில் எடுப்பேன்.

பழஈக்காரி

டெக்ரானுக்கு என் ஓட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: அடையாளத் துண்டை மரபணுவின் சொந்த இடத்திலேயே இரண்டு அல்லீலிலும் செருக வேண்டும், ஆர்பிஇ1இல் அது அவ்வளவு எளிதாக நடக்காது. ஹெச்சிடி116 என்ற பெருங்குடல் புற்று செல்லில் நன்றாக நடக்கும், அதிலும் பி53 இருக்கிறது, குரோமோசோம் எண்ணிக்கையும் ஏறக்குறைய இயல்பானது. எஸ்ஐ-ஆர்என்ஏ விளைவு ஹெச்சிடி116இலும் வருகிறதா என்று முதலில் பாருங்கள், வந்தால் அங்கேயே டெக்ரான் கட்டுங்கள். ஆர்பிஇ1இலேயே கட்டத்தான் வேண்டும் என்றால், அதில் செல்லைத் தொடர்ந்து பெருக வைக்கும் டெலோமெரேஸோடு ஹைக்ரோமைசின் எதிர்ப்பும் ஏற்கெனவே வந்திருக்கிறது, மாற்றம் பெற்ற செல்லைப் பிரித்தெடுக்கும் தேர்வு மருந்தாக ஹைக்ரோமைசினை வைத்துவிடாதீர்கள்.

அதற்கு முன்னால் டெப்மேப் தளத்தில் உங்கள் மரபணுவைத் தட்டிப் பாருங்கள், இலவசம். நூற்றுக்கணக்கான செல் வகைகளில் அந்த மரபணு இல்லாவிட்டால் வளர்ச்சி குறைகிறதா என்று ஆர்என்ஏஐ தரவும் கிரிஸ்பர் தரவும் தனித்தனியாக இருக்கும். பி53 இருக்கும் செல்லில் மட்டும் கிரிஸ்பரில் வளர்ச்சி குறைகிறது என்று தெரிந்தால், மாட்டுங்காவாசி சொன்ன பக்கம்தான் விஷயம் இருக்கிறது.

ரெஸ்க்யூ (அடக்கிய புரதத்தைத் திரும்பக் கொடுத்து விளைவு மறைகிறதா என்று பார்ப்பது) செய்யாமல் எதையும் எழுத வேண்டாம், இதில் நான் கறார். எஸ்ஐ-ஆர்என்ஏ பிடிக்காத மாதிரி, அமினோ அமிலம் மாறாமல் எழுத்தை மட்டும் மாற்றிய சிடிஎன்ஏ (எம்ஆர்என்ஏவின் டிஎன்ஏ பிரதி) ஒன்றை, டாக்ஸிசைக்ளின் போட்டால் மட்டும் இயங்கும்படி வையுங்கள், அளவு சொந்தப் புரதத்தின் அளவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சென்ட்ரோசோம் புரதத்தை அதிகமாக ஊற்றினால் அதுவே மைட்டோசிஸைக் கெடுக்கும். எங்கள் பழ ஈ ஆய்வு உலகிலேயே இந்தப் பாடம் இருக்கிறது: வியன்னா ஈ நூலகத்தின் கேகே வகை ஆர்என்ஏஐ ஈக்களில் ஒரு பகுதியில், மரபணுவை அடக்க வைத்த கட்டுமானம் தவறுதலாக 40டி என்ற இடத்திலும் நுழைந்திருந்தது, அங்கே பக்கத்திலிருந்த டிப்டாப் மரபணு தேவையில்லாமல் இயங்கி விளைவு காட்டியது. ரெஸ்க்யூ வைத்திருந்த ஆய்வுகளுக்குத்தான் அப்போது கையில் பதில் இருந்தது.

வரிசை என்று கேட்டால், இந்த வாரம் ஆர்டி-பிசிஆர், நட்லின், டெப்மேப். மைக்ராஸ்கோப் முறை வந்ததும் சாதாரண செல், எஸ்ஐ-ஆர்என்ஏ போட்ட சாதாரண செல், நாக்அவுட், எஸ்ஐ-ஆர்என்ஏ போட்ட நாக்அவுட் நான்கையும் ஒரே தட்டில் வைத்துப் பதிவு செய்யுங்கள். வெவ்வேறு நாளில் எடுத்தால் நேரத்தை ஒப்பிட முடியாது. உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கான விண்ணப்பத்தையும் இப்போதே போட்டுவிடுங்கள், டாக்ஸிசைக்ளின் ரெஸ்க்யூவுக்கே லென்டிவைரஸ் தேவைப்படலாம், கூட்டம் எப்போது கூடுமோ தெரியாது.

மாட்டுங்காவாசி

ஒரு சின்னச் சேர்க்கை. அந்த நான்கையும் ஒரே குளோனில் மட்டும் செய்ய வேண்டாம். இரண்டாவது கைடு ஆர்என்ஏவிலிருந்து வந்த குளோன் ஒன்றும், காஸ்9 போட்டும் மரபணு உடையாமல் தப்பிய குளோன் ஒன்றும் கூட வையுங்கள். ஒற்றைச் செல்லிலிருந்து வளர்ந்தாலே குளோனுக்குக் குளோன் மைட்டோசிஸ் நேரம் மாறும், பெற்றோர் செல்லோடு மட்டும் ஒப்பிட்டால் அந்த வேறுபாடு உங்கள் மரபணுவின் கணக்கில் விழுந்துவிடும். ஆர்டி-பிசிஆர் பட்டைகள் வந்ததும் நீளத்தை இங்கே போடுங்கள், எக்ஸான் எண்ணோடு சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.